கார்டியன் சான்று தங்கையை வாசலில் நிறுத்தக் கூடாது: சென்னை ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் அவர் தலைமையில் இயங்கும் உள்ளூர் அளவிலான குழுவினருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி பகுதிகளில் அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பெரியவர்களின் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் நாங்கள். இவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலர், அதாவது கார்டியன், கேட்டு ராஜாஜி சாலையில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது: யாருக்காகக் கார்டியன் கேட்கிறார்களோ அவர் யாரையெல்லாம் பார்க்க ஆசைப்படுகிறார்?

அம்மா இறந்ததும் குறைபாடுள்ளவரின் அண்ணன் கார்டியன் சான்று வாங்குகிறார். பேங்க் கணக்குக்காக வாங்கியதுதான். பாகப்பிரிவினைத் தகராறு வந்ததும் அதே தாளைக் காட்டி, "நான்தான் கார்டியன், இனிமே இங்க வராதே" என்று தங்கையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். சீல் வைத்த தாளைப் பார்த்தால் போலீசும் ஒதுங்கிக்கொள்ளும்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு இடம் வைக்கவில்லை. கார்டியன் தேவையா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு பரிசீலித்தே ஆக வேண்டும் என்கிறது பிரிவு 14(3). பணத்துக்குக் கேட்டவருக்கு உறவுகளின் மேல் அதிகாரம் எதற்கு? இங்கிலாந்தின் 2005 மனத்திறன் சட்டத்தில், குறிப்பிட்ட ஒருவர் சந்திக்கக் கூடாது என்று தடுக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் நியமித்த பிரதிநிதிக்குக்கூடக் கொடுக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. கார்டியன் கொடுமைப்படுத்தினாலோ சொத்தைச் சுருட்டினாலோ அவரை நீக்கக் கோரி பிரிவு 17இன்படி பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற அமைப்போ மனு கொடுக்கலாம். சம்பந்தப்பட்டவரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. உறவினரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்ளே நடப்பதை யார் வந்து சொல்வார்கள்?

விசாரணையின்போது மனுதாரரை வெளியே உட்கார வையுங்கள். "அண்ணன்கூடதானே இருப்ப?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். பேச்சு வராதவருக்குக் குடும்பத்தாரின் போட்டோக்களை மேசையில் பரப்பி, யார் வந்தால் பிடிக்கும், யார் வந்தால் பிடிக்காது என்று எடுத்துக் காட்டச் சொல்லலாம். வரிசையை மாற்றி வேறொரு நாளும் கேளுங்கள். அதே போட்டோவை எடுத்தால் நம்பலாம். எப்போதும் கடைசியில் காட்டியதையே எடுத்தால் கேட்ட முறையை மாற்ற வேண்டும். அவரைத் தினமும் பார்க்கும் சிறப்புப் பள்ளி ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் ஜாடை புரியும். ஊனச் சதவீதம் எழுதிய அட்டை இதற்கு உதவாது. கூட்டல் தெரியாதவருக்கும் தங்கை யார், அவள் வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும்.

சந்திக்க வருபவரால் ஆபத்து இருக்கலாம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பத்திரத்தில் கைரேகை வாங்கும் உறவினர் உண்டு, அடிப்பவரும் உண்டு. கைரேகைதான் பயம் என்றால் சொத்துக்குக் காவல் போடுங்கள். சந்திப்பு மூன்றாமவர் முன்னிலையில் நடக்கட்டும். அடிப்பவர் என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 7இன்படி நிர்வாக நடுவரிடம் போகலாம். சம்பந்தப்பட்டவரே "அவர் வேண்டாம்" என்றால் அதுவும் அவருடைய முடிவுதான், அதையும் கோப்பில் எழுதுங்கள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். எந்தக் காரியத்துக்காக நியமனம் என்பதை ஒவ்வொரு சான்றிலும் எழுதுங்கள். அதன் கீழே, "உறவினரைச் சந்திப்பதைத் தடுக்க இந்தச் சான்று அதிகாரம் தராது" என்று ஒரு வரி தமிழில் சேருங்கள். கார்டியன் ஆறு மாதத்துக்குள் தரவேண்டிய சொத்துப் பட்டியலை வாங்கும் நாளில், சம்பந்தப்பட்டவரை மறுபடியும் தனியாகப் பார்த்து, யார் யார் வந்துபோகிறார்கள் என்று கேளுங்கள்.