குணனபலம்

மதிப்பிற்குரிய கல்வியியல் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, தமிழ் வழிப் பள்ளியில் மகனைப் படிக்க வைக்கும் தகப்பன் நான். உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் எங்கள் பள்ளிக்குமான உறவை விளக்கத் தேவையில்லை. கோப்பு உங்களிடமே இருக்கிறது. முன்பெல்லாம் உங்களிடமிருந்து வந்த பயிற்சி ஆசிரியர்கள் தமிழில் பாடக்குறிப்பு எழுதினார்கள். அதைத் திருத்த ஒரு விரிவுரையாளர் பஸ் ஏறி வருவார். அவர்கள் புளியங்கொட்டை ஒட்டிச் செய்த பின்ன அட்டைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அந்த விரிவுரையாளர் ஓய்வு பெற்றார்; அந்த இடத்துக்கு எவரும் வரவில்லை. பயிற்சி ஆசிரியர்கள் மட்டும் வருகிறார்கள், தமிழ் தெரியாமல்.

இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் நல்ல பெண். அவர்மீது குறையில்லை. அவருக்குத் தெரிந்த மலையாளத்தில் நடத்தினார். பையன் வீட்டில் வந்து "குணனபலம்" என்றான். "அது எந்த மரத்துப் பழம்?" என்று என் தாயார் கேட்க, எல்லோரும் சிரித்தோம். ஓணப் பரீட்சையில் கேள்வித்தாள் தமிழில் வந்தது: "பெருக்கற்பலன் காண்க." கரும்பலகையில் அவன் போட்டுக் காட்டிய அதே கணக்கு. விடைத்தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஏன் என்றேன். "அந்தப் பாடம் எங்களுக்கு எடுக்கவே இல்லை, அப்பா" என்றான்.

தமிழ் அறிந்தவர்களை அனுப்புங்கள். கேட்பது இவ்வளவுதான்.

பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளிப் பயிற்சி வேண்டும் என்கின்றன தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள். உங்களுக்கு 20 வாரம் கணக்கில் ஏறிவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அதே 20 வாரம் கழிந்துவிடுகிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர அரசு முயல வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்ட அதே 1956இல் சேர்ந்தது. எல்லைக் கல் உடனே நட்டாயிற்று. முயற்சிதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது போலும்.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி உங்களிடம்தான் பி.எட். படிக்கிறாள். தமிழ் வழியில் படித்தவள். அவளைத் தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத பள்ளிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இதற்கும் ஒரு கல்வியியல் கோட்பாடு இருக்கக்கூடும்.

கோபத்தில் ஏதேனும் மிகையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். ஜூனில் பள்ளி திறக்குமுன் தமிழ் அறிந்த பயிற்சி ஆசிரியர்களையும், அவர்கள் பாடக்குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஒரு விரிவுரையாளரையும் அனுப்பித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முந்தைய இரு மடல்களுக்கும் ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்தது. இதற்குப் பதிலும் வரட்டும்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்புப் பையனின் தகப்பன்