கருத்துரிமையும் குறிப்பாணையும்: கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி, பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களில் அமரும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

கருத்துரிமையின் மேன்மையைப் பற்றிப் பட்டமளிப்பு விழாக்களில் நீங்கள் பேசுவதில் எனக்குக் குறையேதும் இல்லை. நான் எழுத வந்தது நடத்தை விதிக் கையேட்டின் நடுப்பக்கங்களைப் பற்றி. சுவரொட்டி ஒட்ட அனுமதி கேட்கும் படிவத்தைப் பற்றி. "உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்று கேட்டுவிட்டு, எந்தச் செயலுக்காகக் கேட்கிறோம் என்பதை மட்டும் சொல்லாமல் விடும் குறிப்பாணையைப் பற்றி. மாணவர்களின் பேச்சுரிமையைப் பறிப்பதாக எந்த நிர்வாகமும் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை. அதற்கான தேவையும் எழுவதில்லை. இந்தத் தாள்களே அந்த வேலையைச் செய்து முடித்துவிடுகின்றன.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள வால்டோஸ்டா அரசுப் பல்கலைக்கழகத்தில் 2007ஆம் ஆண்டு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மாணவர் கட்டணத்தைக் கொண்டு அடுக்குமாடி வாகன நிறுத்தகங்கள் கட்டும் திட்டத்தை அங்கே ஒரு மாணவர் எதிர்த்தார். அவர் செய்ததெல்லாம் துண்டறிக்கை ஒட்டியது, ஆட்சிக்குழுவினருக்கு மின்னஞ்சல் அனுப்பியது, மாணவர் இதழுக்குக் கடிதம் எழுதியது, முகநூலில் ஒரு கேலிப்படம் போட்டது ஆகியவைதாம். அந்தப் படத்தில், கட்டப்படவிருந்த நிறுத்தகத்துக்கு நினைவுச்சின்னம் போலப் பல்கலைக்கழகத் தலைவரின் பெயரையே சூட்டியிருந்தார். மே மாதத்தில் ஒரு நாள் அவருடைய விடுதி அறைக் கதவின் அடியில் ஒரு கடிதம் செருகப்பட்டிருந்தது. வளாகத்துக்கு அவர் தெளிவான, உடனடியான ஆபத்து என்றும், ஆகவே பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்படுகிறார் என்றும் அதில் கண்டிருந்தது. சான்றாக இணைக்கப்பட்டிருந்தது அந்தக் கேலிப்படத்தின் அச்சுப்படி. முன்னறிவிப்பு இல்லை, விசாரணை இல்லை. இந்த மாணவரால் யாருக்கும் ஆபத்தில்லை என்று ஆலோசகர்கள் தலைவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள், அதுவும் எடுபடவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஏப்ரல் 16 அன்று, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 32 பேர் கொல்லப்பட்டிருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வளாகங்களில் நிலவிய அச்சம் பொய்யானதல்ல. ஆனால் உண்மையான அச்சம் பரவியிருக்கும் வேளையில்தான், தமக்குப் பிடிக்காத ஒருவரை அந்த அச்சத்தின் பெயரால் வெளியேற்றுவது ஓர் அதிகாரிக்கு மிக எளிதாகிறது. கேலிக்கு உள்ளானவரே முறையிட்டார், அவரே தீர்ப்பும் சொன்னார். மாணவர் தொடுத்த வழக்கில் 2013இல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) அந்தத் தலைவரையே பொறுப்பாக்கி, 50,000 டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2015இல் வழக்கு 9 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. அந்த மாணவரின் கல்லூரி நாட்களை எந்தத் தொகையும் திருப்பித் தந்திருக்காது என்பது வேறு செய்தி.

இப்போது உங்கள் கையேட்டைத் திறந்து பாருங்கள். "கண்ணியக் குறைவான நடத்தை", "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்", "பிறர் மனம் புண்படும் செயல்", "நிர்வாகம் அவ்வப்போது தகாதது எனக் கருதும் பிற செயல்கள்" என்ற வரிகளில் ஒன்றேனும் அதில் இருக்கும். எந்தச் சொல்லைச் சொன்னால் தண்டனை, எதைச் சொன்னால் இல்லை என்பதை இந்த வரிகளைப் படித்து ஒரு மாணவரால் கண்டுகொள்ள முடியுமா? முடியாது, எழுதியவராலும் முடியாது என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1988இல், வளாகத்தில் நடந்த இனவெறிச் சம்பவங்களைத் தொடர்ந்து, இனம், பாலினம், மதம் முதலியவற்றின் அடிப்படையில் ஒருவரை இழிவுபடுத்தும் பேச்சைத் தண்டிக்கும் விதியொன்றைக் கொண்டுவந்தது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உயிரியலையும் உளவியலையும் இணைத்துப் படித்த ஓர் ஆய்வு மாணவர், பாலினங்களுக்கிடையிலான உயிரியல் வேறுபாடுகள் குறித்த கோட்பாடுகளை வகுப்பில் விவாதித்தாலே தம்மீது நடவடிக்கை பாயக்கூடும் என்று வழக்குத் தொடுத்தார். வெறுமனே மனம் நோகச் செய்யும் பேச்சு அனுமதிக்கப்பட்டது என்று பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் அதையும் தண்டனைக்குரிய பேச்சையும் எப்படிப் பிரித்தறிவீர்கள் என்று கேட்கப்பட்டபோது, "மிகக் கவனமாக" என்று மட்டுமே அவரால் பதில் சொல்ல முடிந்தது. 1989இல் அந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பாயிற்று.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இதே போன்ற தெளிவின்மைக்காக நீக்கியது. எரிச்சலூட்டுவது, அசௌகரியம் உண்டாக்குவது போன்ற சொற்களுக்கு எல்லை கிடையாது என்றது. ஒரு கருத்தை விவாதிப்பதும், எவ்வளவு வெறுக்கத்தக்கதாயினும் அதற்காக வாதிடுவதும் உரிமையின் பாற்பட்டவை, அது தூண்டுதலாக மாறும் கட்டத்திலேயே கட்டுப்பாடு தொடங்க முடியும் என்று வகுத்துச் சொன்னது. ஒரு நாட்டின் நாடாளுமன்றமே எழுதக் கூடாத வரியைக் கல்லூரிக் கையேட்டில் எழுதிவைக்க எந்தத் துணிவில் முடிகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

வகுப்பு நடக்கும்போது ஒலிபெருக்கி கூடாது, நூலக வாசலை மறிக்கக் கூடாது என்று நீங்கள் விதித்தால் அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. 1964இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்கள் மேசை போட்டு அரசியல் துண்டறிக்கை கொடுப்பதை நிர்வாகம் தடுத்ததிலிருந்து பெரும் போராட்டம் மூண்டது. அதன் முடிவில் டிசம்பர் 8 அன்று பேராசிரியர் மன்றம் 824க்கு 115 என்ற வாக்குகளில், பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக் கூடாது, இடம், நேரம், முறை ஆகியவற்றை மட்டும் நியாயமாக ஒழுங்குபடுத்தலாம் என்று முடிவெடுத்தது. ஆனால் அந்த இடம், நேரம் என்பதையே ஆயுதமாக்கும் கலை பின்னர் வளர்ந்தது. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் சுமார் 20 அடி அகலமுள்ள ஒரு சிறு மண்டபத்தையே சுதந்திரப் பேச்சுப் பகுதியாக ஒதுக்கி வைத்திருந்தது. ஜார்ஜியா குவினெட் கல்லூரியில் ஒரு மாணவர், ஒதுக்கப்பட்ட இடத்துக்கு முன்பதிவு செய்து போய்த் தம் சமயத்தைப் பற்றிப் பேசிய பிறகும், யாரோ புகார் சொன்னார்கள் என்பதற்காக நிறுத்தப்பட்டார். அவ்வழக்கில் 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் மாணவர் பக்கம் நின்றது. எதிர்ப்பு வரக்கூடிய பேச்சாளரை அழைக்கும் மாணவர் அமைப்பிடம் பாதுகாப்புச் செலவைக் கட்டச் சொல்வதும் இதே வகைதான். கல்லெறிய வருபவர்களின் கூலியைப் பேச வருபவரிடம் வசூலிக்கும் ஏற்பாடு அது.

உங்களிடம் வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. தலைமுறைகளாகக் கல்லூரி வாசலை மிதிக்க விடாமல் வைக்கப்பட்டிருந்த சமூகங்களிலிருந்து வரும் பிள்ளைகள், தங்கள் பிறப்பையும் நிறத்தையும் இழித்துப் பேசுவோருக்கு நடுவே உட்கார்ந்து படிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஒரு குறிப்பிட்ட மாணவியைக் குறிவைத்து மிரட்டுவது, விடுதியில் ஒருவரை நாள்தோறும் சாதிப் பெயர் சொல்லி வதைப்பது, ஒருவரைத் தாக்கும்படி கூட்டத்தை ஏவுவது ஆகியவற்றைக் கருத்துரிமை என்று யாரும் காக்க வேண்டியதில்லை, காக்கவும் கூடாது. துன்புறுத்தலுக்கான அளவுகோலும் இல்லாமல் போகவில்லை. 1999இல் ஒரு பள்ளி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடுமையானதாக, விடாது தொடர்வதாக, பொதுவான பார்வையிலும் இழிவானதாக இருந்து, ஒருவரின் கல்வி வாய்ப்பையே பறிக்கும் நடத்தை என்று அதை வரையறுத்தது. அப்படிப்பட்ட தெளிவான விதியை எழுதுங்கள், தயங்காமல் நடைமுறைப்படுத்துங்கள். முதலில் ஆதரிப்பவன் நானாக இருப்பேன். மனம் புண்பட்டது என்ற ஒற்றை வரியை நம்பி எளியவர்களைக் காக்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்த வரியை எடுத்தாளும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவருடைய மனம் புண்படுவதே கணக்கில் வரும். சாதிப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டிச் சுவரொட்டி ஒட்டிய மாணவர்தான் நிறுவனத்துக்குக் களங்கம் விளைவித்தவராக முதலில் அழைக்கப்படுவார்.

1960 பிப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரியில், நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த உணவகத்துக்குக் கறுப்பின மாணவர்கள் சென்று உணவு கேட்டார்கள். மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒன்பது பேரை அவர்கள் படித்த அரசுக் கல்லூரி நீக்கியது. நீக்கக் கடிதங்களில் குற்றம் இன்னதென்று குறிப்பாகச் சொல்லப்படவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பிற்காலத்தில் மாணவர் உரிமைக்கே அடித்தளமாயிற்று. அரசுக் கல்லூரியிலிருந்து ஒருவரை நீக்குமுன் குறிப்பான குற்றச்சாட்டைத் தெரிவிக்க வேண்டும், சாட்சிகளின் பெயரையும் அவர்கள் சொன்னதையும் தெரியப்படுத்த வேண்டும், தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்றது அது. பேச்சுரிமையும் விசாரணை உரிமையும் வெவ்வேறு அத்தியாயங்கள் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆனால் பெரும்பாலான வளாகங்களில் விவகாரம் நீக்கம் வரை போவதே இல்லை. முதல்வர் அறைக்கு வெளியே ஒரு நாள் முழுவதும் நிற்க வைப்பது, பெற்றோரை அழைத்து வரச் சொல்வது, நிர்வாகமே வாசகத்தைச் சொல்லி மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவது, விடுதி அறையைக் காலி செய்யச் சொல்வது, நன்னடத்தைச் சான்றிதழைக் காட்டி மிரட்டுவது, விசாரணை நிலுவையில் உள்ளது என்று ஒரு பருவத் தேர்வையே தவற விடுவது என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாத தண்டனைகளே அதிகம். இவற்றுக்கு மேல்முறையீடு கிடையாது, ஏனெனில் எதிர்த்து முறையிட ஆணை என்று ஒன்றே கிடையாது. முதல் தலைமுறைப் பட்டதாரியாக வரும் ஒரு பிள்ளைக்கு, சான்றிதழ் கிடைக்காது என்ற ஒரு சொல் போதும். அடுத்த மூன்றாண்டுகளுக்கு வாய் திறக்க மாட்டார்.

ஆகவே நான் கேட்பவை அலுவல் சார்ந்தவை. மேலே சொன்ன எல்லையற்ற வரிகளைத் தண்டனைக்குரியவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குறிப்பாணை அனுப்பினால், எந்த நாளில், எந்த இடத்தில், எந்தச் சொல் அல்லது செயல், எந்த விதி எண்ணுக்கு முரணானது என்பதை அதில் எழுதுங்கள். எழுத இயலாவிட்டால் அனுப்பாதீர்கள். விமர்சிக்கப்பட்டவர் அந்த விசாரணைக் குழுவில் அமரக் கூடாது. மாணவர் தமக்குத் துணையாக ஒருவரை அழைத்து வர அனுமதியுங்கள். விசாரணை முடியும் வரை, உடலுக்கு ஆபத்து என்ற காரணம் இருந்தாலன்றி, வகுப்பையும் தேர்வையும் தடுக்காதீர்கள். மன்னிப்புக் கடிதம் வாங்கும் வழக்கத்தை அறவே நிறுத்துங்கள். துண்டறிக்கை கொடுப்பதற்கு முன்னனுமதி தேவையில்லை என்று கையேட்டிலேயே அச்சிடுங்கள்.

அடுத்த கல்வியாண்டுக் கையேடு அச்சுக்குப் போகும் முன், அதன் வரைவை மாணவர்கள் பார்வைக்கு வைத்து எழுத்தில் கருத்துக் கேளுங்கள். அத்துடன், கடந்த ஐந்தாண்டுகளில் பேச்சு, எழுத்து, கூட்டம் தொடர்பாக எத்தனை பேர்மீது எந்த விதியின்கீழ் நடவடிக்கை எடுத்தீர்கள் என்ற விவரத்தை, பெயர்களை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். இந்த மடலுக்கு உங்கள் பதிலும் பொதுவில் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மாணவர் உரிமையில் அக்கறையுள்ள ஓர் ஆசிரியர்