எண் இறங்கும் இடத்தில் நின்று பார்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. மண்ணுக்கடியில் இருக்கும் பாறையைக் காந்தப்புலத்தை அளந்து தேடும் உன் முதல் கள வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகிறாய் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைக் கள நோட்டுக்குள் வைத்துக்கொள்.

உன் பாடப்புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன். மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது உள்ள பாறைக்கு நேர் மேலே, அளந்த எண்களை இணைத்து வரைந்த கோடு குன்று மாதிரி எழும்பி நிற்கும். அந்தப் படம் கனடாவுக்கும் சுவீடனுக்கும் பொருந்தும். அங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகிறது. நம் தெற்கில் அது படுத்துக் கிடக்கிறது. திருநெல்வேலியில் காந்த ஊசியை மேலும் கீழும் ஆடவிட்டால் கிட்டத்தட்ட மட்டமாக வந்து நிற்கும். பாறையும் படுக்கைவாக்கில்தான் காந்தமாகிறது. அதன் தலைக்கு மேலே அதன் புலம் பூமியின் புலத்துக்கு எதிர்த்திசையில் ஓடுவதால், கருவியில் எண் குறையும்.

இதை நான் தோண்டித்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சேலம் பக்கம். கஞ்சமலையின் கறுப்பு வரிக்கல் உனக்குத் தெரியும், சின்ன வயதில் காந்தத்தை ஒட்டவைத்து விளையாடியிருக்கிறாய். அதே மாதிரிக் கல் மண்ணுக்கடியில் எங்கே போகிறது என்று தேடினோம். அளவெடுக்க ஐந்து மீட்டருக்கு ஒரு முளை. அப்போதெல்லாம் காந்தப்புலத்தை அளக்கப் புரோட்டான் மேக்னட்டோமீட்டர்தான். கம்பின் உச்சியில் மண்ணெண்ணெய் நிரப்பிய புட்டி, அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், சில நொடியில் எண் வரும். ஓரிடத்தில் எண் மடமடவென்று இறங்கியது, அதற்குத் தெற்கே கொஞ்சம் ஏறியது. ஏறிய இடத்தில் நான்தான் சிவப்புத் துணி கட்டினேன். இரண்டு நாள் தோண்டியும் செம்மண்ணும் சுக்கான் கல்லும்தான் வந்தன. கூலியாட்கள் என் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியைக் கழுவினார்கள்.

மூன்றாம் நாள் மூத்த புவியியலாளர் ஒருவர் வந்தார். திட்டவில்லை. நோட்டை வாங்கி ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தார், எழுந்து வடக்கே நடந்தார், எண் மிகக் கீழே போன முளைக்குப் பக்கத்தில் தடியால் தட்டினார். ஆள் உயரம் தோண்டியதும் கல் தட்டுப்பட்டது. அந்தக் கல்லின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பாறை நம் பக்கத்தில் அனேகமாகத் தன்னைக் காட்டாது, இரண்டு முனைகளில் மட்டும் லேசாகத் தெரியும். கோடு சமமாக வந்துவிட்டது என்பதற்காக "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடாதே, கண்ணு.

அப்புறம் வானம். நீ நிற்கப்போகும் இடம், பூமியின் காந்தப்புலம் மட்டமாகக் கிடக்கும் காந்த நடுக்கோட்டை ஒட்டியது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ஏவுதளத்துக்குத் தேர்ந்து 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை விட்டதே இதற்காகத்தான். தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும், நண்பகலை ஒட்டி உச்சத்துக்கு வரும். அதன் காந்தப்புலமும் உன் அளவில் சேர்ந்துகொள்ளும். ஒரே முளையில் விடிகாலையில் எடுத்த அளவுக்கும் பதினொரு மணிக்கு எடுத்த அளவுக்கும் 100 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வித்தியாசம் வரும் நாளும் உண்டு. உன் மெல்லிய பாறைப் பிளவு காட்டுவதே அவ்வளவு இருக்காது. அதனால் முகாமில் ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க அளக்கும் நிலைக் கருவியை உன் கையால் ஓடவிட்டு, இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. சூரியனின் சீற்றத்தால் பூமியின் புலம் தடுமாறும் காந்தப் புயல் நாளில் வேலையை நிறுத்திவிடு, யார் அவசரப்படுத்தினாலும் சரி. 1859 செப்டம்பர் 2-ல் பம்பாய் கொலாபா காந்த ஆய்வகத்தில் புலம் 1,600 நானோடெஸ்லா சரிந்ததைப் பதிந்திருக்கிறார்கள். அந்த நாளில் ஒருவன் சர்வே எடுத்திருந்தால் என்னவென்று எழுதியிருப்பான்!

அந்தக் கொலாபாவைப் பற்றி நினைத்தாலே எனக்கு மனசு நிறையும். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அளவுகள் கெட்டுப்போகும் என்று தெரிந்ததும் 1904-ல் அலிபாகில் புதிய நிலையம் தொடங்கினார்கள். உடனே பழையதை மூடிவிடவில்லை. 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்ந்தே அளந்தார்கள், பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதற்காக. அந்தப் பொறுமையால்தான் இன்றுவரை ஒரே தொடராக அதைப் படிக்க முடிகிறது.

கருவியைத் தூக்குவதற்கு முன் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொள். சாவிக்கொத்து, ஊக்கு, தலைமுடி கிளிப், போன் எல்லாவற்றையும் ஜீப்பில் விட்டுவிடு. ஜீப்பும் தூரமாக நிற்கட்டும். ஷூவை நான் சந்தேகப்பட்டதே இல்லை. உள்ளே தகடு இருந்து ஒரு முழுக் கோட்டையே மறுபடி நடந்தேன்.

அம்மா காடாத்துணியில் பெல்ட் ஒன்று தைத்திருக்கிறாள். பித்தளைக் கொக்கிதான், கொலுவில் இருந்த சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. பார்சலில் முறுக்கோடு வருகிறது.

முதல் நாள் நிலைக் கருவி வரைந்த கோட்டை எனக்குப் படம் எடுத்து அனுப்பு. எத்தனை மணிக்கு உச்சிக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா