நீ கேட்ட இரண்டு குப்பிகள்

அன்புள்ள ரகு,

உன் கடிதத்தில் முட்டிவலிப் புராணம் முடிவதற்குள் அந்த இரண்டு மருந்துப் பெயர்கள் வந்து விழுந்தன. ஆயுளை நீட்ட டாக்டர் ஊசி போடச் சொல்கிறார், செர்மோரெலினா, இபமோரெலினா, எது நல்லது என்று ஆயுளெல்லாம் மருந்து கலக்கிப் பிழைத்தவனிடம் கேட்கிறாய், தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டுமே வளர்ச்சி ஹார்மோன் அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி, அங்கிருக்கும் வளர்ச்சி ஹார்மோன் சரக்கை வெளியே விடச் சொல்பவை. தட்டும் கதவுதான் வேறு. மூளை அனுப்பும் தூண்டு ஹார்மோனில் 44 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் முதல் 29-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் செர்மோரெலின். ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கிவிடும். இபமோரெலினில் மொத்தமே 5 அமினோ அமிலங்கள். பசியைத் தூண்டும் கிரெலினுக்கு உரிய இடத்தில் போய் உட்காரும், சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். தன் பங்காளி மருந்துகளைப்போல் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைக் கிளறுவதில்லை என்று அதற்கு நல்ல பெயர்.

ஜாதகத்தைப் பார்த்தால் செர்மோரெலின் பக்கம்தான் என் ஓட்டு. வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2008-இல் கம்பெனி விற்பனையை நிறுத்தியதற்கும் ஆபத்து காரணமல்ல. இபமோரெலினை அறுவைக்குப் பின் அசையாமல் கிடக்கும் குடலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற மருந்தாக அது ஆகவே இல்லை.

ஆனால் உனக்குக் கிடைக்கப்போவது எதுவானாலும் மருந்தகத்தில் கலந்து தருவது. குப்பியின் அடியில் வெள்ளை வில்லைபோல ஒட்டியிருக்கும். கிருமி நீக்கிய நீரைக் கண்ணாடிச் சுவர் வழியாக மெல்ல இறக்கி, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்ட வேண்டும். தெளியாமல் கலங்கி நின்றால் குப்பைத் தொட்டிதான். தெளிந்து நின்றாலும் லேபிளில் எழுதிய அளவு உள்ளே இருக்கிறதா, மருந்து மூலக்கூறின் உடைந்த துண்டுகள் கலந்திருக்கின்றனவா என்று கண்ணால் சொல்ல முடியாது. நானே ஏமாந்திருக்கிறேன்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. ஆயுளை நீட்ட இதைப் போடச் சொல்கிறார்கள். சோதனைச் சாலையிலோ வளர்ச்சி ஹார்மோன் வேலை செய்யாத எலிகள்தான் நெடுநாள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்று ஏறக்குறைய 5 ஆண்டு வாழ்ந்தது. ஈக்வடாரில் அந்த ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காத குள்ளமான மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புற்றுநோயும் சர்க்கரை நோயும் வருவது அரிது. தசை கூடும், தொப்பை குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கும் ஆயுளுக்கும் முடிச்சுப் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

போன வருடம் உன் குடலிலிருந்து இரண்டு பாலிப், அதாவது பின்னால் புற்றாக மாறக்கூடிய சதை முளைகள், எடுத்ததாக எழுதியிருந்தாய். சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றாய். ஊசி போடச் சொன்ன டாக்டரிடம் இவ்விரண்டையும் சொன்னாயா? அவர் என்ன பதில் சொன்னார் என்பதை முதலில் எழுது.

உன்,
பாலு