ஃபோர்க்கின் வெளிப்பக்கத்துக்கு விதி போடுங்கள், உள்பக்கத்தை விட்டுவிடுங்கள்

சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் பழைய வண்டிகளுக்கென்று டிரயல்ஸ் (கால் ஊன்றாமல் பாறை, மரங்களுக்கு நடுவே பைக் ஓட்டும் போட்டி) வகுப்பு தொடங்க நினைக்கும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாயான முன் ஃபோர்க் விஷயத்தில் இரண்டு யோசனைகள் பேச்சில் அடிபடுகின்றன. கம்பெனியில் வந்த ஃபோர்க்கில் கையே வைக்கக்கூடாது என்பது ஒன்று. எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே வேண்டாம். முதல் விதி வந்தால் 40 வருடம் ரோட்டில் ஓடித் தேய்ந்த ஃபோர்க்கோடுதான் எல்லோரும் பாறை ஏற வேண்டும். இரண்டாவது வந்தால் ஹிமாலயன் பைக்கின் ஃபோர்க் மாட்டிய புல்லட் வரிசையில் வந்து நிற்கும். அது பழைய வண்டியும் ஆகாது, நல்ல டிரயல்ஸ் வண்டியும் ஆகாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: பைப்பின் விட்டம் 35 மி.மீ.க்கு மேல் கூடாது, மொத்த ஓட்டம் (ஃபோர்க் அழுந்தி நீளும் தூரம்) 170 மி.மீ.யைத் தாண்டக்கூடாது, டிரம் பிரேக், வெளித்தோற்றம் பழைய மாதிரி. பைப்புக்கு உள்ளே ஸ்பிரிங், ஆயில், துளை எல்லாம் ஓட்டுபவர் விருப்பம். பிரிட்டனில் 1965-க்கு முந்தைய வண்டிகளுக்கான போட்டிகளிலும் இதே சண்டைதான், ஃபோர்க்கின் கீழ்க்குழாயான பழைய பாட்டத்துக்குள் புதிய உள்பாகம் போடலாமா என்று. உள்ளே இருப்பதைப் பார்க்க ஒவ்வொரு ஃபோர்க்கையும் கழற்ற முடியாது. சோதிக்க முடியாத விதியை எழுதினால் நேர்மையானவர் மட்டும்தான் அதற்குக் கட்டுப்படுவார்.

பெரிய ஃபோர்க் ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கே போதும். 2.75-21 டயரின் ஆரம் சுமார் 340 மி.மீ. ஸ்டியரிங் தலை நெட்டுக்குத்துக் கோட்டிலிருந்து 27 டிகிரி சாய்வு, மொத்த ஆஃப்செட் (ஸ்டியரிங் அச்சுக் கோட்டிலிருந்து ஆக்சில் முன்தள்ளி நிற்கும் தூரம்) 60 மி.மீ. என்று வைத்தால் ட்ரெயில், அதாவது ஸ்டியரிங் அச்சுக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையில் படும் இடத்துக்கும் உள்ள தூரம், 106 மி.மீ. வரும். ஹிமாலயன் 411-இன் ஃபோர்க் 41 மி.மீ. பைப், 200 மி.மீ. ஓட்டம். அதை மாட்டி முன்பக்கம் 50 மி.மீ. உயர்ந்தால் சாய்வு சுமார் 29 டிகிரி ஆகிவிடும், ட்ரெயில் 120-க்குப் போய்விடும். காபித் தோட்டத்தில் இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே ஹேண்டிலை முழுக்க ஒடிக்கும்போது முன்சக்கரம் மடங்கி விழப் பார்க்கும். கால் ஊன்ற வேண்டிவரும், புள்ளி போகும்.

எதிர்த் திசையில் வேலை செய்வதுதான் பலன் தரும். பைப்பை, அதைப் பிடித்திருக்கும் டி-ஸ்டெம் என்னும் கீழ்த் தாங்கியிலும் மேல் பிளேட்டிலும் 10 மி.மீ. மேலே ஏற்றினால் சாய்வு சுமார் 0.4 டிகிரி குறையும், ட்ரெயில் 3 மி.மீ. குறையும். காசு செலவில்லாத மாற்றம் இது. 25 டிகிரி வரை போனால் ட்ரெயில் 92-க்கு இறங்கும், அப்போது இறக்கத்தில் முன்பக்கம் அலைபாயும். அங்கே ஆஃப்செட் குறைந்த டி-ஸ்டெம் செய்து ட்ரெயிலைத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

புல்லட்டில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை. ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரயலை என்ஃபீல்டு புல்லட்டில் ஜெயித்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் நம்மூரில் கிடைப்பவை காஸ்கெட் (ஹெட்லைட்டும் மீட்டரும் உட்காரும் வார்ப்புக் கூடு) வைத்த புல்லட்கள். பைப்பின் தலை காஸ்கெட்டிலேயே மரையால் ஏறி நிற்பதால் அதை மேலே கீழே நகர்த்த வழியில்லை. தனி மேல் பிளேட் கடைய வேண்டும். அதை அனுமதிக்கும் வரி ஒன்று விதியில் கட்டாயம் இருக்கட்டும். பிளேட்டுக்கு 6082-டி6 அல்லது 7075-டி6 கட்டி அலுமினியம் எடுக்கலாம். பழைய அலுமினியத்தை உருக்கி வார்த்த பிளேட்டை ஏற்காதீர்கள், உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் வெளியே தெரியாது, உடையும்போதுதான் தெரியும். பைப்பை இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டைக் கண்மூடி முறுக்கினால் பைப் முட்டை வடிவமாகி, கோளாறு ஆயில் சீல் மேல் பழியாகப் போகும்.

இனி உள்பக்கம். டேம்பர் ராடு (துளையிட்ட உள் குழாய் ஆயிலைத் தடுத்து ஆட்டத்தை அடக்கும்) வகை ஃபோர்க்கில் அழுந்தும்போது ஆயில் கீழ்த் துளை வழியாகவும், திரும்பும்போது மேலே உள்ள சிறு துளை வழியாகவும் போகிறது. துளையின் குணம், வேகம் இரு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ரோட்டுக்கு வைத்த துளையில் பாறை விளிம்பு டக்கென்று மோதும்போது ஃபோர்க் இறுகி, சக்கரம் பாறையில் ஏறுவதற்குப் பதிலாக வண்டி பின்னுக்குத் துள்ளும். ஆகவே கீழ்த் துளைகளைப் பெரிதாக்குங்கள், மேல் துளையைத் தொடாதீர்கள். அரை மி.மீ. அரை மி.மீ.யாகப் போங்கள், துளை விளிம்பின் பிசிறைச் சுத்தமாக எடுங்கள். திரும்பும் வேகத்தை ஆயிலின் தடிமனால் சரிசெய்யலாம்.

ஆயில் என்றதும் '10 நம்பர்' என்று கேட்பது பழக்கம். இரண்டு கம்பெனியின் 10 நம்பர் ஒன்றுபோல் இருக்காது. டின்னிலோ அதன் விவரத் தாளிலோ 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மைக்கான அளவு) என்று பாருங்கள். இன்னொன்று இந்த மலைக்கே உரியது. சேலத்துக் கோடையில் 38, 40 டிகிரியில் சரிபார்த்த 32 சென்டிஸ்டோக் ஆயில், ஏற்காட்டில் 15 டிகிரி விடிகாலையில் இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாகியிருக்கும். கீழே அருமையாக இருந்த ஃபோர்க் மேலே கட்டை மாதிரி நிற்பதற்குக் காரணம் இதுதான். கடைசிச் சரிபார்ப்பை மலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவை மில்லிக்கணக்கில் ஊற்றாமல் மட்டத்தைப் பிடியுங்கள்: ஸ்பிரிங்கை எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அழுத்தி, பைப் வாயிலிருந்து ஆயில் வரை 150 மி.மீ. காலியிடம். ஓட்டம் முடிந்து ஃபோர்க் அடி தட்டினால் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்துங்கள், ஃபோர்க்கின் ஒரு காலுக்கு சுமார் 7 மில்லி பிடிக்கும். அளவு மீறினால் கடைசி ஓட்டத்தில் காற்று இடமின்றி அழுந்தி சீலைத் தள்ளிவிடும்.

ஸ்பிரிங்கில், ஓட்டுபவர் ஃபுட்ரெஸ்டில் நின்றிருக்கும்போது ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ வேண்டும். 150 மி.மீ. ஓட்டத்துக்கு 50 மி.மீ. அதிகம் தாழ்ந்தால் முதலில் பைப் துண்டு வைத்து ப்ரீலோடு (ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தம்) கூட்டுங்கள். அதிலும் அடி தட்டினால்தான் சுற்று வெட்ட வேண்டும்: 40 சுற்றில் 4 வெட்டினால் 11 சதவீதம் இறுகும், குறைந்த நீளத்தைப் பைப் துண்டால் ஈடுகட்டலாம். புதிதாகச் சுற்றக் கொடுப்பவர் கவனிக்கட்டும், கம்பி 4.0-இலிருந்து 4.2 மி.மீ. ஆனாலே இறுக்கம் சுமார் 22 சதவீதம் கூடும்.

ஓட்டத்தைக் கூட்ட உள் ஸ்டாப்பரைக் குறைப்பவர்களும் உண்டு. 20 மி.மீ. கூடும், கூடவே பைப் சறுக்கும் வளையங்களான இரண்டு புஷ்ஷுக்கும் நடுவே இருந்த பிடிப்பு நீளம் 20 மி.மீ. குறையும். முழுக்க நீண்ட நிலையில் ஃபோர்க் கோணலாகிச் சிக்கும். இதை மட்டும் தடை செய்தாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

சோதனை மேசையில் உங்களுக்கு வேண்டியது வெர்னியர், அளவு டேப், ஒரு நைலான் டை. டையைப் பைப்பில் கட்டி ஃபோர்க்கை அழுத்தினால் ஓட்டம் சுமாராகத் தெரிந்துவிடும். சந்தேகம் வந்த வண்டியில் ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லி, முழுக்க இறக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். மட்கார்டு டி-ஸ்டெம்மில் இடிக்கக்கூடாது, டயர் சைலன்சர் பைப்பில் படக்கூடாது, பைப் டேங்கை உரசக்கூடாது. டிரம் பிளேட்டைப் பிடிக்கும் காது ஃபோர்க் பாட்டத்தில் உறுதியாக இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். வேறு வண்டியின் பாட்டம் மாட்டும்போது இதைத்தான் மறக்கிறார்கள். காது இல்லையென்றால் பிரேக் பிடித்த நொடியில் பிளேட் சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

ஃபோர்க் சிக்குகிறது என்று வருபவரிடம் ஆக்சில் மூடிகளை ஒருமுறை தளர்த்தி, ஆறேழு தடவை அழுத்திவிட்டு மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு பதிவான வண்டியில் இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை. ஆகவே இந்த வண்டிகள் 20 கொண்டை ஊசி வளைவையும் டெம்போவில் ஏறித்தான் கடக்க வேண்டும், போட்டி இடமும் ரிசர்வ் காட்டில் இல்லாமல் எஸ்டேட்காரர் எழுத்தில் அனுமதித்த தனியார் நிலமாக இருக்க வேண்டும். இதையும் விதியின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்டி வேலை செய்யும் சேலம் பட்டறைக்காரர்கள் சிலர்