பயணத் திட்டத்தின் மூன்றாம் நாள்: கம்போடியாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் சகோதரிக்கு

அன்புச் சகோதரிக்கு,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள்.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஆண்டிறுதி விடுமுறையில் உங்கள் பள்ளியின் உயர்நிலை மூன்று மாணவர்கள் சிங்கப்பூரிலிருந்து நோம் பென் நகருக்குச் செல்லவிருக்கும் ஊழியப் பயணத்தின் திட்டத்தாளைக் கொடுத்து, ஜெபித்துக்கொள்ளும்படி கேட்டீர்கள். நாளுக்கு ஒரு பக்கமாக வாசித்து ஜெபித்து வந்தேன்; மூன்றாம் நாளுக்கு வந்ததும் மேலே செல்ல முடியவில்லை. காலை 9 மணி முதல் 12 மணி வரை அநாதை இல்லம், பாடல்கள், விளையாட்டு, பரிசுப் பைகள் என்று அதில் இருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடும்படி உங்களைக் கேட்கவே இதை எழுதுகிறேன். இதே வரி வேறு பல பள்ளிகளின் திட்டத்தாள்களிலும் இருப்பதால், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நானும் அந்த வரியை எழுதியவன்தான். 2008இல், ஆசிரியப் பணியில் இருந்தபோது, நோம் பென் நகரின் ஓரத்தில் இருந்த ஓர் இல்லத்துக்கு 16 மாணவர்களை அழைத்துச் சென்றேன். வாயிலிலேயே ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் ஓடிவந்து எங்கள் மாணவி ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டான். நாங்கள் வண்டி ஏறும்வரை விடவில்லை. அன்றிரவு சாட்சி நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் அவனைப் பற்றியே பேசினார்கள். அந்த மாணவி பேச முடியாமல் அழுதாள். தேவன் அவர்களுடைய இருதயத்தைத் தொட்டார் என்று நான் நன்றி செலுத்தினேன்.

மறு ஆண்டு வேறு மாணவர்களுடன் அதே இல்லத்துக்குப் போனேன். அதே சிறுவன் அதே போல ஓடிவந்து இன்னொரு மாணவியின் கையைப் பற்றிக்கொண்டான். சென்ற ஆண்டு தனக்காக அழுதவளின் பெயர் அவனுக்கு நினைவில்லை. எங்களுக்கு மொழிபெயர்த்த, கம்போடியாவின் பெரும்பான்மை இனமான கெமேர் இனத்தைச் சேர்ந்த போதகரிடம் அவனுடைய பெற்றோரைப் பற்றிக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, அவனுக்குத் தாய் இருக்கிறாள் என்றார். இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கிராமத்தில் வயல் கூலியாக இருக்கும் அவள், மூன்று வேளைச் சோறும் ஆங்கிலப் படிப்பும் கிடைக்கும் என்று சொல்லப்பட்டதை நம்பி அவனை அனுப்பியிருக்கிறாள். வெளிநாட்டார் வரும் நாட்களில் அவள் வரக்கூடாது என்று இல்லத்தார் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பரிசுப் பைகளோடு உள்ளே போவதற்காக அந்தத் தாய் வெளியே நிறுத்தப்பட்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தச் சிறுவன் ஒருவனுடைய கதையாக மட்டும் இது இருந்திருந்தால் அந்த இல்லத்தை விட்டு வேறோர் இல்லத்தைத் தேடும்படி சொல்லியிருப்பேன். ஆனால் கம்போடிய அரசும் யுனிசெஃப் அமைப்பும் 2011இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2005இல் 154ஆக இருந்த இல்லங்கள் 2010இல் 269 ஆயின. அவற்றில் இருந்த பிள்ளைகள் 6,254இலிருந்து 11,945ஆகப் பெருகினார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே போர் இல்லை, பெரும் பஞ்சமும் இல்லை. அநாதைகள் என்று நாம் அழைத்த அந்தப் பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். பெருகியது வறுமை அல்ல, வந்து பார்த்துப் பணம் கொடுத்தவர்கள்தான். பிள்ளைகள் நிறைந்திருக்கும் வீட்டுக்குத்தான் காணிக்கை வரும் என்றானபின், வீட்டை நிறைக்கப் பிள்ளைகள் தேடப்பட்டார்கள். 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் இயற்றிய ஆஸ்திரேலியா, இல்லங்களை நிரப்புவதற்காகப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோவதையும் அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. கம்போடிய அரசும் 2016இல், ஐந்து மாநிலங்களின் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் 30 விழுக்காட்டினரை மீண்டும் குடும்பங்களில் சேர்க்கத் திட்டமிட்டது.

இல்லம் நடத்துவோர் எல்லாரும் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. டாரா விங்க்லர் என்ற ஆஸ்திரேலியப் பெண் 2007இல் பட்டம்பாங் நகரில் பிள்ளைகளைக் கொடுமையிலிருந்து மீட்டு, அவர்களுக்கென்றே ஓர் இல்லம் தொடங்கினார். அதிலிருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குடும்பம் இருந்தது என்பதைப் பின்னர் அறிந்து, அந்த இல்லத்தையே கைவிட்டு, பிள்ளைகள் தம் குடும்பங்களோடு வாழத் துணைசெய்யும் பணிக்குத் தம் அமைப்பைத் திருப்பினார். தாம் கட்டியதைத் தாமே கலைக்க அவருக்கு இருந்த துணிவில் ஒரு பங்கு இருந்தால் போதும், நாம் ஒரு காலைப் பொழுதைக் கைவிட்டுவிடலாம்.

இத்தகைய பயணங்களுக்கெல்லாம் ஆதாரமாக நாம் காட்டுவது யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தின் கடைசி வசனம். உங்கள் திட்டத்தாளின் முகப்பிலும் அதுவே இருக்கிறது. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கும்படி அந்த வசனம் ஒரே மூச்சில் சொல்கிறது. பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்து, அவனைப் பெற்றவளை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் விசாரிப்பு அதில் இல்லை. பல ஆண்டுகள் அந்த வசனத்தைப் பாதியாகவே வாசித்துவந்த குற்றம் என்னுடையது.

அப்படியானால் மூன்றாம் நாள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அது ஓர் உயர்நிலைப் பள்ளியாக இருந்த கட்டடம். மக்களைக் கொன்றுகுவித்த கெமேர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கத்தின் ஆட்சியில் சித்திரவதைச் சிறையாக்கப்பட்டது. வகுப்பறைகளைக் குறுக்குச் சுவர்களால் சிற்றறைகளாகப் பிரித்திருப்பதைப் பள்ளி மாணவர்கள் பார்க்கும்போது நாம் விளக்கவேண்டியது அதிகம் இராது. 1975 முதல் 1979 வரை அந்த நாடு பட்டது என்ன என்று அறியாதவர்கள், அங்குள்ள சபைக்குப் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதில் பொருளில்லை. பிற்பகலில் அந்தச் சபையின் முதியவர்கள், அவர்கள் விரும்பினால் மட்டும், பேசட்டும். நம் பிள்ளைகள் கேட்கட்டும். நான் கண்டவரையில், நாம் மேடையேறிச் சாட்சி சொன்ன பயணங்களை விட, அவர்கள் முன் அமர்ந்து கேட்ட பயணங்களே பிள்ளைகளிடம் நிலைத்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெபிக்கும்போது பிள்ளைகளின் தலையில் கை வைப்பது நமக்கு ஆசீர்வாதம். கெமேர் மக்களுக்குத் தலை உடலின் புனிதமான பகுதி, அந்நியர் அதைத் தொடுவது அவமரியாதை. நான் எத்தனை தலைகளில் கை வைத்தேன் என்று எண்ணும்போது இன்றும் கூசுகிறது. பொது இடங்களில் மத நூல்களைக் கொடுப்பதற்கும், பொருளுதவியைக் காட்டி மதம் மாறத் தூண்டுவதற்கும் அந்நாட்டுச் சட்டம் தடை விதித்திருப்பதால், பரிசுப் பையில் துண்டுப் பிரதி வைத்துத் தெருவில் கொடுக்கும் ஐந்தாம் நாள் யோசனையும் வேண்டாம். மாறாக, அவர்களுடைய எழுத்தை மாணவர்கள் கொஞ்சமேனும் கற்றுக்கொண்டு போகட்டும். கெமேர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது என்று உங்கள் வகுப்பிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். கடைப் பலகைகளை அவர்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பரிசுப் பைகளுக்காக மாணவர்கள் கேக் விற்றுச் சேர்த்த பணம் வீணாக வேண்டியதில்லை. பிள்ளைகளைக் குடும்பங்களோடு மீண்டும் சேர்த்து, அதன்பின்னும் மாதந்தோறும் வீடு தேடிச் சென்று பார்க்கும் உள்ளூர்ச் சமூகப் பணியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். பணம் அவர்களுக்குப் போகட்டும். ஆனால் அந்த வீடுகளுக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்படி கேட்காதீர்கள். அங்கே நாம் எடுப்பதற்குப் புகைப்படம் எதுவும் இருக்காது; உங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் குறையும். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அதை விளக்குவது எளிதன்று. நீங்கள் விரும்பினால் நானும் உடன் வந்து, 2008இல் நடந்ததை என் வாயாலேயே அவர்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அன்று உண்மையைச் சொன்ன போதகர் இன்னும் நோம் பென்னில்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வரும்போது அவருடைய தொலைபேசி எண்ணைக் கொண்டுவருகிறேன். திட்டத்தாளைத் திருத்துவதற்கு முன் அவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் சபையின் மூத்த சகோதரன்