நூலகப் புத்தகங்கள் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பொங்கல் எல்லோர் வீட்டிலும் நல்லபடியாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். மொத்தத்தில் தேர்ச்சி கூடியிருக்கிறது. கலைத்திருவிழாவில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், கபடி அணி மாவட்டப் போட்டி வரை போய் வந்தது, அறிவியல் கண்காட்சியும் நன்றாக நடந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு கூட்டம் வைக்கிறோம்; தேதியைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவோம்.

அப்புறம், நூலகப் புத்தகங்கள் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

விடுமுறைக்கு முன்னால் ஆறாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை ஆளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்பினோம். பள்ளி திறந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் பதினான்கு புத்தகங்கள் பிரிக்கப்படாமலே திரும்பின. "கதைப் புத்தகம் எதுக்குன்னு அம்மா கேட்டாங்க", "அரசியல் புத்தகமெல்லாம் வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாங்க" என்று பிள்ளைகள் காரணம் சொன்னார்கள். பதினைந்தாவதாக வந்த புத்தகம் செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவில் எட்டுத் தாள்கள் இல்லை. கிழித்த இடத்தில் தையல் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டுவந்த பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. நூலகம் பார்த்துக்கொள்ளும் ஆசிரியையும் எதுவும் கேட்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார்.

அது ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கை வரலாறு. எந்தத் தலைவர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு புத்தகத்தை விட்டு அவர்மேல் போய்விடும்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளை எதைப் படிக்கிறான், அது அவன் வயதுக்குத் தகுந்ததா, படிப்பு கெடுமா என்று பார்ப்பது பெற்றவர்கள் கடமை. நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அதனால், எந்தப் புத்தகம் படிக்கத் தகுந்தது என்பதை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கதைப் புத்தகம். மதிப்பெண்ணுக்கு இது உதவுமா என்று பலர் கேட்கிறீர்கள். தமிழ்த்தாளில் பத்து வரி சொந்தமாக எழுதச் சொன்னால், யார் கதை படிக்கிற பிள்ளை என்று விடைத்தாளே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதற்காக மட்டும் நாங்கள் கதைப் புத்தகம் கொடுப்பதில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை ஒரே பேய்க்கதையை நான்கு முறை எடுத்துப் போனாள். ஐந்தாவது முறை வந்தபோது, "இதை எழுதினவங்க வேற என்ன எழுதியிருக்காங்க மிஸ்?" என்று கேட்டாள். அன்றைக்கு நூலகமே அவளுக்குத் திறந்துவிட்டது. ஒரு கதை நல்ல கதையா என்று தெரிய வேண்டுமா? இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சொல்லச் சொல்லுங்கள். ஆட்களின் பெயரோடு, சோறு ஆறுவது தெரியாமல் சொன்னால் அது நல்ல புத்தகம். இருபது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடிவைக்கட்டும், தப்பில்லை. நீங்கள் சின்ன வயதில் ரசித்த ஐந்து பாகச் சரித்திர நாவலை எட்டாம் வகுப்பிலேயே முடித்தாக வேண்டும் என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். அது எங்கேயும் ஓடிப்போகாது.

கணினி, தொழில்நுட்பப் புத்தகங்களில் யாரும் குறை சொல்வதில்லை. அட்டையில் கம்ப்யூட்டர் படம் இருந்தால் எல்லோருக்கும் திருப்தி. நாங்கள் அதிகம் சலித்தெடுக்க வேண்டியிருப்பது இந்த அலமாரியைத்தான். போன மாதம் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், யாரோ நன்கொடையாகக் கொடுத்த சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழிப் புத்தகத்தைப் பார்த்து ஆய்வகத்தில் நிரல் எழுதினான். முதல் வரியிலேயே பிழை வந்தது. ஒரு பாடவேளை முழுக்க முட்டிமோதிவிட்டு, தனக்குத்தான் புரியவில்லை என்று நொந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவன்மேல் ஒரு தவறும் இல்லை. 'ஐஓஸ்ட்ரீம்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் எச் எழுத்தும் போடச் சொல்லியிருந்தது அந்தப் புத்தகம். அந்த மொழிக்கு 1998-ல் வந்த தரநிலையிலேயே அப்படி எழுதும் முறை போய்விட்டது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் இப்போதைய கம்பைலர் அதை ஏற்காது. அதே அலமாரியில் புளூட்டோவைச் சேர்த்து ஒன்பது கோள்கள் என்று சொல்லும் புத்தகமும் இருந்தது. 2006-லேயே புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே புத்தகத் திருவிழாவில் இந்த மாதிரிப் புத்தகம் வாங்கும்போது அட்டையைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். உள்ளே இரண்டாம் பக்கத்தில் முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். மறுபதிப்பு ஆண்டு மட்டும் புதிதாக இருந்தால் போதாது. மின்சாரம் எப்படி ஓடுகிறது, நெம்புகோல் எப்படி வேலை செய்கிறது என்று அடிப்படையைச் சொல்லும் புத்தகம் நாற்பது வருடம் பழையதானாலும் வாங்கலாம். ஒரு மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லும் புத்தகம் சீக்கிரம் பழசாகிவிடும்.

இனி அரசியல் புத்தகங்கள். பள்ளிக்கூடத்தில் அரசியல் எதற்கு என்கிறீர்கள். கட்சி அரசியல் இங்கே வேண்டாம் என்பதில் உங்களைவிட நான் கண்டிப்பானவள். ஆனால் வாக்களிக்கும் வயது 1989-லிருந்து 18. இன்று பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை இரண்டு வருடத்தில் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும். அதற்குள் அரசியலமைப்பு என்ன சொல்கிறது, நம் தலைவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள், எங்கே தவறினார்கள் என்று தெரிந்திருக்க வேண்டாமா? அந்தப் புத்தகங்களை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் படித்த பிறகுதான் அலமாரிக்குப் போகின்றன. எழுதியவர் யார், எந்தப் பக்கம் நின்று எழுதுகிறார், சொல்வதற்கு ஆதாரம் காட்டுகிறாரா, எதிர்த்தரப்பு சொன்னதைத் திரிக்காமல் எடுத்துச் சொல்கிறாரா என்று பார்க்கிறோம். ஒரு தலைவரைப் பற்றி ஒரு புத்தகம் வைத்தால், அவரோடு முரண்பட்டவரின் புத்தகத்தையும் பக்கத்திலேயே வைக்கிறோம்.

இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அம்பேத்கர் செய்த ஒரு காரியம். 1936-ல் லாகூர் மாநாட்டுக்காகச் சாதி ஒழிப்பு பற்றி ஓர் உரை எழுதினார். கருத்து கடுமையாக இருக்கிறது என்று அமைப்பாளர்கள் தயங்கியதால் அதைப் பேச முடியாமல் போய், தன் செலவிலேயே அச்சிட்டார். காந்தி தன்னுடைய 'ஹரிஜன்' இதழில் அதை விமர்சித்து எழுதினார். மறு வருடம் இரண்டாம் பதிப்பு போட்டபோது, காந்தியின் விமர்சனத்தையும் அதற்குத் தன் பதிலையும் அந்தப் புத்தகத்திலேயே சேர்த்து வெளியிட்டார் அம்பேத்கர். தன்னை மறுத்து எழுதிய பக்கங்களைத் தன் புத்தகத்துக்குள்ளேயே வைத்தார்.

அதனால்தான் அந்த எட்டுத் தாள்கள் என்னை இவ்வளவு வருத்துகின்றன. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நூலகப் புத்தகத்தைக் கிழிக்கவும், வரிகளை அடித்துவிடவும், மறைக்கவும் யாருக்கும் உரிமை இல்லை. அது இந்தப் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொந்தம். உங்கள் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், அதை மதிக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து நீங்கள் முடிவுசெய்ய முடியாது. நூலகப் பாடவேளையை எடுத்துவிட்டுத் தேர்வு வையுங்கள் என்ற கோரிக்கையையும் ஏற்க முடியவில்லை. வாரத்துக்கு இருப்பதே ஒரு பாடவேளை. அது அப்படியே இருக்கும்.

ஒரு புத்தகம் உங்களுக்கு நெருடினால், அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வாருங்கள். எந்தப் பக்கம், என்ன சங்கடம் என்று உட்கார்ந்து பேசுவோம். இதற்கு முன் ஒரு தகப்பனார் அப்படி வந்தார். அவர் சொன்னது சரியாக இருந்தது. ஆறாம் வகுப்பு அலமாரியில் இருந்த அந்தப் புத்தகத்தை மேல்வகுப்புக்கு மாற்றினோம். அவர் வந்து சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

நூலகத் துறையில் உலகமே மதிக்கும் எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர், கணித ஆசிரியராக இருந்தவர். 1931-ல் அவர் எழுதிவைத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. நானூறு பிள்ளைகளுக்கும் அவரவர் புத்தகத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க எங்களால் மட்டும் ஆகாது. எந்தப் பேச்சில் உங்கள் பிள்ளையின் கண் விரிகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை எங்களுக்குச் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை தொடங்கி வாரா வாரம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை பெற்றோருக்காகவும் நூலகத்தைத் திறந்துவைக்கிறோம். தாத்தா பாட்டியும் வரலாம். நீங்களும் உங்கள் பெயரில் புத்தகம் எடுத்துப் போகலாம்.

புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்த தாய்மார்களுக்கும், இரண்டு அலமாரிகளைக் கூலி வாங்காமல் செய்து கொடுத்த தச்சர் அண்ணனுக்கும், வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கக் கேட்கும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: அந்த எட்டுத் தாள்கள் வீட்டில் இன்னும் இருந்தால் ஓர் உறையில் போட்டு அலுவலகப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள். பெயர் எழுத வேண்டாம், யாரும் கேட்கவும் மாட்டோம். ஒட்டிக்கொள்கிறோம்.